ஏழாவது பாகத்துப் பதினொரு ரிவிட்

எங்க அக்கா புருஷனை வேலை செய்யற இடத்துல எல்லாரும் டாக்டர்னுதான் கூப்பிடுவாங்க. படிச்ச டாக்டர் இல்ல. பள்ளிக்கூடத்துக்கு பாதியிலயே கும்பிடு போட்டவர். கையில ஒரு சின்ன சுத்தியலை வச்சுக்கிட்டு, பழைய இரும்பைத் தட்டித் தட்டி, இது நல்லா இருக்கு, இது போயிடுச்சுன்னு சொல்லுவார். அதனால டாக்டர். டாக்டர்னு ஒருத்தர் இருந்தா கம்பவுண்டர்னு ஒருத்தன் இருக்கணும் இல்லையா? அது நான். இருபது வருஷமா இந்தப் பேரைச் சுமக்கறேன். என் பொண்டாட்டிகூட கோபம் வந்தா, கம்பவுண்டருக்குத் திமிரைப் பாருன்னுதான் ஆரம்பிப்பா.

நாங்க இப்போ பழுது பார்க்கற பாலத்தைப் பத்தின கோப்புல அதுல வேலை செஞ்சவங்களைப் பத்தியும் ரெண்டு பக்கம் இருக்கணும்னு இன்ஜினியர் அம்மா சொன்னாங்க. டாக்டரைப் பத்தி யார் எழுதறீங்கன்னு கேட்டாங்க. நான் கையைத் தூக்கினேன். அவரைப் பத்தி எழுதினா என் யோக்கியதையும் கூடவே வெளியே வரும்னு தெரிஞ்சுதான் தூக்கினேன். வரட்டும். ரெண்டு பக்கத்துல முடியாது, அதை மட்டும் முதல்லயே சொல்லிடறேன்.

மாமா, நான் அவரை மாமான்னுதான் கூப்பிடுவேன், ஆரம்பத்துல கொதிகலன் செய்யற பட்டறையில இருந்தவர். அப்போ ஆள் ரொம்ப ஒல்லி. ஒல்லியா இருக்கறவனைத்தான் கொதிகலனுக்குள்ள இறக்குவாங்க. சிவக்கக் காய்ச்சின ரிவிட்டை, அதான் ஒரு பக்கம் மட்டும் தலை இருக்கற தடி ஆணியை, உள்ளேயிருந்து ஓட்டையில விட்டு, அதோட தலைக்கு ஒரு கனமான இரும்பை முட்டுக் கொடுத்து இவர் பிடிச்சுக்கணும். வெளியே நீட்டிக்கிட்டு இருக்கற வாலைச் சம்மட்டியால அடிச்சு இன்னொரு தலையாக்குவாங்க. ரெண்டு தகடும் அப்படியே ஒட்டிக்கும். ஒரு பெரிய அண்டாவுக்குள்ள உங்களை உக்கார வச்சு வெளியே நாலு பேர் விடாம அடிச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பதினாலு வருஷம் அதுக்குள்ள உக்கார்ந்திருக்கார் மனுஷன். காதுல பஞ்சு வச்சுக்குவாராம். பஞ்சு!

பட்டறையை மூடினதும் இந்தப் பக்கம் வந்துட்டார். பழைய ரயில் நிலையத்துக் கூரை, மில்லுக்குள்ள இருக்கற சுருள் படிக்கட்டு, நூறு வருஷத்துத் தண்ணித் தொட்டி, இதையெல்லாம் இடிக்காம, மாத்தாம, இருக்கற இரும்பையே முடிஞ்சவரைக்கும் காப்பாத்தற வேலை. ரிவிட்டை அடிச்சவருக்கு அது எப்போ செத்துப்போகும்னும் தெரிஞ்சிருந்துச்சு. நல்ல ரிவிட்டைத் தட்டினா ணங்குன்னு ஒரு சத்தம் வரும். தளர்ந்து போனதைத் தட்டினா டொக்குன்னு அழுத்தமா, உள்ளுக்குள்ள சீக்கு இருக்கற மாதிரி வரும். நல்லதுக்கு வெள்ளை சாக்பீஸ்ல வட்டம், கெட்டதுக்கு சிவப்புல பெருக்கல் குறி. சிவப்பு போட்டதை மட்டும் துளைச்சு எடுத்துட்டு, புதுசு அடிப்போம். வெள்ளை வட்டத்து மேல யாரும் கை வைக்கக் கூடாது. அதுதான் இந்த வேலையோட சட்டம்.

எங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தப்போவே, வந்தமா உக்கார்ந்தமான்னு இல்லாம, ஜன்னல் கம்பியை விரல் மடக்கித் தட்டிப் பார்த்துட்டு, மூணாவது கம்பி அடியில துரு தின்னுடுச்சுன்னு எங்க அப்பாகிட்ட சொன்னவர் அவர். எங்க அக்காவை ஒரு தடவை பார்த்தார், ஜன்னலை நாலு தடவை பார்த்தார். அப்பா அடுத்த வாரம் அந்தக் கம்பியை ஆட்டிப் பார்த்தார், கையோட வந்துடுச்சு. அப்புறம் என்ன, மாப்பிள்ளை அவர்தான்னு முடிவாயிடுச்சு. அக்கா இன்னைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா. என்னை இல்ல, எங்க வீட்டு ஜன்னலைத்தான் கட்டிக்கிட்டார்னு.

என்னை இந்த வேலைக்குக் கூட்டிட்டு வந்தவரும் அவர்தான். ரிவிட் பார்க்கறதுக்கு ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் இந்தப் பக்கத் தலையைத் தட்டுவார். இன்னொருத்தன் அந்தப் பக்கத் தலையும் தகடும் சேர்ற இடத்துல விரல் நுனியை வச்சிருக்கணும். ரிவிட் இறுக்கமா இருந்தா விரலுக்கு ஒண்ணும் தெரியாது. தளர்ந்திருந்தா ஒரு துடிப்பு தெரியும். ரொம்ப மெல்லிசா, கண் இமை துடிக்கற மாதிரி. முடிவு சொல்றது காது. விரல் சும்மா துணைக்கு. அப்படித்தான் ஆரம்பிச்சோம்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, மில்லு படிக்கட்டுல, மாமா ஒரு ரிவிட்டைத் தட்டி வெள்ளை வட்டம் போட்டார். எனக்கு விரல்லயும் தெரிஞ்சுது, காதுலயும் கேட்டுச்சு, டொக்குன்னு. மாமா, இது போனதுன்னு சொன்னேன். எனக்கே பாடம் எடுக்கறியான்னு எரிஞ்சு விழுந்தார். அடுத்ததும் அப்படியே. நான் வாயை மூடிக்கிட்டேன். டீ குடிக்க உக்கார்ந்தப்போ டம்ளரையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னார், ஆறு மாசமா அந்த ணங்கு சத்தம் அவருக்கு வரவே இல்லையாம். பேசறது கேட்குது, முகத்தைப் பார்த்தா நல்லாவே புரியுது, ஆனா இரும்பு மட்டும் ஊமையாயிடுச்சாம். காதுல மாட்டற மிஷின் வாங்கிப் பார்த்திருக்கார். அதுல எல்லாமே இரைச்சலா வந்துச்சாம். அதைவிட, அதை மாட்டிக்கிட்டு சுத்தியலோட நின்னா ஊர் சிரிக்கும்னு பயம்.

"இந்தக் காது இல்லேன்னா நான் யாரு மாப்ள? நீயே சொல்லு."

அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்ல. அன்னைக்கே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். அவர் தட்டுவார், தட்டிட்டு என் முகத்தைப் பார்ப்பார். விரல்ல துடிப்பு தெரிஞ்சா நான் ஒரு தடவை கண்ணை மூடித் திறப்பேன். அப்போ சிவப்பு. நான் சும்மா பார்த்துக்கிட்டு இருந்தா வெள்ளை. பார்க்கறவங்களுக்கு மாமனும் மச்சானும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு வேலை செய்யறாங்க, அவ்வளவுதான். அக்காவுக்குக் காது விஷயம் தெரியும், வீட்டுல மறைக்க முடியுமா? கண் விஷயம் எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான்.

பாலத்துக்கு வந்தப்போவும் அதே ஏற்பாடுதான். கால்வாய் மேல போற நடைபாலம். ரெண்டு பக்கமும் நெஞ்சு உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர் மாதிரி இரும்புக் கர்டர், அதுங்கதான் பாலத்தையே தாங்குது. மாமா நடைபாதையில ஜம்முன்னு ஒரு முக்காலி போட்டுக்கிட்டு உள்பக்கம். நான் வெளிப்பக்கம், கயித்துல தொங்கற பலகையில, கீழே சாக்கடையும் சேர்ந்து ஓடற கால்வாய். நாத்தம் குடலைப் பிடுங்கும். தட்டிட்டு அவர் எழுந்து கர்டர் மேலாப்புல எட்டிப் பார்ப்பார், என் முகம் தெரியும். ரிவிட் எல்லாத்தையும் பிடுங்கிட்டு நட்டு போல்ட் போட்டுடலாம்னுதான் மேலிடத்துல சொல்லியிருந்தாங்க. இன்ஜினியர் அம்மா ஒத்தைக் கால்ல நின்னு, நல்லதை விட்டுடுவோம், எது நல்லதுன்னு சொல்ல என்கிட்ட ஆள் இருக்குன்னு வாங்கிட்டு வந்த வேலை அது. அந்த ஆள் மாமா.

பாலத்தைப் பாகம் பாகமாப் பிரிச்சுத்தான் பார்த்தோம், ஏழாவது பாகத்துக்கு வந்தப்போ ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். மாமாவைக் கர்டர் மேல காதை வைக்கச் சொல்லி படம் எடுத்தார். ரிவிட்டுக்குக் காதை வைக்கறவன் எந்த ஊர்லயும் கிடையாது, ஆனா படத்துக்கு நல்லா இருக்குமாம். மாமாவும் வச்சார். அந்தப் பக்கம் தொங்கறாரே, அவர் யாருன்னு அந்தாள் கேட்டார்.

மாமா சிரிச்சுக்கிட்டே சொன்னார், "அவன் நம்ம கம்பவுண்டர். சும்மா விரலை வச்சுக்கிட்டு நிப்பான். அதுக்கு ஒரு ஆள் வேணுமே."

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குப் பக்கத்துல தொங்கிக்கிட்டு பழைய பெயிண்ட்டைச் சுரண்டற பெயிண்டர், பலகையே ஆடற மாதிரி சிரிச்சான். நானும் பல்லைக் காட்டினேன். இப்போ யோசிச்சா தெரியுது, விரல்தான் வேலை செய்யுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அப்போ காதுன்னு அடுத்த கேள்வி வந்திருக்கும். பயத்துல சொன்ன பேச்சு அது. அன்னைக்கு அந்தப் புத்தி எனக்கு வரல. மறுநாள் காலையில பேப்பர் வந்துச்சு. இரும்பு பேசினால் இவருக்குக் கேட்கும்னு கொட்டை எழுத்துல போட்டு, பாதிப் பக்கத்துக்கு மாமாவோட காது. ஓரத்துல என் தலைக்கவசத்தோட உச்சி, ஒரு மஞ்சள் புள்ளி. என் பொண்டாட்டி அதை விரல் வச்சுக் காட்டி, இதோ கம்பவுண்டர்னு பிள்ளைங்களுக்குச் சொன்னா. எனக்கு வயிறு எரிஞ்சுது. மூணு வருஷமா எவன் விரல், எவன் காதுன்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தாம சாப்பிடாம வேலைக்குப் போனேன்.

அன்னைக்குக் காலையில ஏழாவது பாகத்துல நூத்தி நாற்பது ரிவிட் பார்த்தோம். முதல் கெட்டது வந்துச்சு. விரல்ல நல்லாத் தெரிஞ்சுது. மாமா எழுந்து என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை மூடல.

வேணும்னேதான் மூடல. இதுல சுத்தி வளைக்க ஒண்ணும் இல்ல. பேப்பர்ல வந்த காது கேட்கட்டுமே, பார்ப்போம்னு இருந்தேன். அவர் குனிஞ்சு வெள்ளை வட்டம் போட்டார். ரெண்டாவது வந்துச்சு, மூணாவது வந்துச்சு. சிலதை ரெண்டு தடவை தட்டினார். ஒண்ணை மூணு தடவை தட்டிட்டு, எழுந்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் என்னையே பார்த்தார். நான் வாயில விரலை வச்சா கடிக்கத் தெரியாதவன் மாதிரி திருப்பிப் பார்த்தேன். வெள்ளை போட்டார். மொத்தம் பதினொண்ணு. ஒவ்வொண்ணையும் எண்ணி வச்சுக்கிட்டேன், சாயங்காலம் சொல்லிடலாம், கொஞ்சம் வேர்க்கட்டும் மனுஷனுக்குன்னு. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அந்தப் பாலத்து மேல நாளைக்கு ஜனங்க நடக்கணும்ங்கற நினைப்புகூட அப்போ எனக்கு இல்ல.

சாயங்காலம் வரைக்கும் விதி விடல. சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் இன்ஜினியர் அம்மா மேலிடத்து ஆளுங்க மூணு பேரைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. ஒருத்தர் கையில அந்தப் பேப்பர். டாக்டரை நேர்ல பார்க்கணுமாம். அம்மாவுக்கு ஒரே பெருமை. நல்ல ரிவிட் எப்படிச் சத்தம் போடும்னு நானே காட்டறேன்னு மாமா கையிலயிருந்து சுத்தியலை வாங்கி, பக்கத்துல இருந்த வெள்ளை வட்டம் ஒண்ணைத் தட்டினாங்க. டொக்குன்னுச்சு. அம்மா சிரிச்சு, தட்டினது சரியில்லபோலன்னு மறுபடி தட்டினாங்க. டொக். அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. அதுவும் டொக். அதுக்கும் அடுத்தது மட்டும் ணங்குன்னுச்சு. ஒண்ணும் தெரியாத அந்த மூணு பேருக்கே வித்தியாசம் தெரிஞ்சுது. அந்த இடத்துல கேட்காதது மாமாவுக்கு மட்டும்தான், அவர் எல்லார் முகத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தார். பார்த்துப் புரிஞ்சுக்கிட்டார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். நான் பலகைக் கயித்துல இல்லாத சிக்கலைப் பிரிச்சுக்கிட்டு இருந்தேன்.

"என் தப்புதாங்க," அப்படின்னார். "கவனம் இல்லாம தட்டிட்டேன்."

அவ்வளவுதான். என் பேரை எடுக்கல. எடுத்தா காதும் வெளியே வந்திருக்கும்தான், ஆனா அதுக்காக மட்டும் எடுக்காம இருந்தார்னு நான் இப்போ நினைக்கல. சுத்தியலைத் துணியில சுத்திப் பையில போட்டுக்கிட்டு, பாலத்தோட மொத்த நீளத்தையும் நடந்து போனார். பேப்பர் வச்சிருந்தவர் அதை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார். இன்ஜினியர் அம்மா முகம் செத்துப்போச்சு. நான் பலகையிலயே உக்கார்ந்திருந்தேன். எழுந்து நாலு வார்த்தை சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை நான் எடுக்கல.

அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு கூசுது. அவர் போட்ட குறி ஒண்ணையும் நம்ப முடியாது, முதல்லயிருந்து எல்லாத்தையும் திரும்பத் தட்டிப் பார்க்கணும், நிறைய தப்பு இருந்தா போல்ட்தான்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. தட்ட ஆள் வேணுமே? அம்மா என்னைக் கூப்பிட்டு, கூடவே இருபது வருஷம் இருந்திருக்கீங்க, நீங்க பாருங்கன்னு சொன்னாங்க. நான் சரின்னு சொன்னேன். சரின்னு! அந்த முக்காலியில உக்கார்ந்தேன். அந்தப் பக்கம் விரல் வைக்கப் பெயிண்டரை நிறுத்தினேன். முதல் நாளே அவன் என்னைப் புது டாக்டர்னு கூப்பிட்டான். நான் வேணாம்னு சொல்லல.

நாலாம் நாள் அக்கா எங்க வீட்டுக்கு வந்தா. உள்ளே வரல, வாசல்லயே நின்னா. அவர் சுத்தியலைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாராம், யார்கிட்டயும் பேசறதில்லையாம், பேப்பரை யாராவது கொண்டுவந்து காட்டினா எழுந்து உள்ளே போயிடறாராம்.

"நீ கூடத்தானேடா இருந்த? என்னதான் நடந்துச்சு அன்னைக்கு?"

வயசாகுது இல்லக்கா, காது இன்னும் மோசமாயிடுச்சு போலன்னு சொன்னேன். அவ முகத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னேன். அவ நம்பிட்டா. என் தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தலையாட்டிட்டுப் போனா. சின்ன வயசுல நான் கண்ணாடியை உடைச்சப்போ எனக்காக அடி வாங்கினவ அவ. போற அவ முதுகைப் பார்த்துக்கிட்டு நின்னேன். செருப்பால அடிச்சுக்கணும் போல இருந்துச்சு. நின்னேன், அவ்வளவுதான்.

மூணு வாரத்துல ரெண்டாயிரத்துச் சொச்சம் ரிவிட்டையும் திரும்பப் பார்த்து முடிச்சேன். மாமா போட்ட குறி எல்லாம் சரியா இருந்துச்சு. எப்படி இல்லாம போகும், எல்லாம் என் விரலாச்சே. அந்தப் பதினொண்ணு மட்டும்தான் தப்பு. கணக்கை அம்மாகிட்ட கொடுத்தேன். அவங்க அதை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பழைய ரிவிட் தப்பிச்சுது, போல்ட் வேணாம்னு முதல்ல ஒரு பெருமூச்சு. அப்புறம் கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டாங்க.

"ரெண்டாயிரத்துல பதினொண்ணு. பதினொண்ணும் ஒரே காலையில, ஒரே பாகத்துல. அன்னைக்கு அவருக்கு என்ன ஆச்சு?"

உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்னு முனகினேன். அவங்களுக்கு அது பிடிக்கல, ஆனா வேற எதையும் சொல்ல ஆளும் இல்ல. மேலிடத்துக்கு ஒரு கடிதம் போகணுமாம். இவர் இனிமே பரிசோதனை வேலைக்குத் தகுதியில்லன்னு. இந்த மாதிரி வேலை நடக்கற எல்லா அலுவலகத்துக்கும் அதோட நகல் போகுமாம். டைப் அடிச்சு மேஜை மேலயே வச்சிருந்தாங்க. நாளைக்குக் காலையில கையெழுத்து.

மாமாவோட பேரு அந்தக் காகிதத்துல இருந்துச்சு. அவரோட முழுப் பேரை நான் எழுத்துல பார்த்ததே அன்னைக்குத்தான், டாக்டர்னு எதுவும் இல்லாம. கால் தானா அக்கா வீட்டுக்குப் போச்சு.

மாமா ஜன்னல் பக்கம் நாற்காலியில உக்கார்ந்திருந்தார். நான் அவருக்கு எதிர்ல ஸ்டூலை இழுத்துப் போட்டு, முகம் தெரியற மாதிரி உக்கார்ந்தேன். என்ன மாப்ள, முடிஞ்சுதான்னு சாதாரணமாக் கேட்டார். சமையலறையில அக்கா பாத்திரம் கழுவற சத்தம் கேட்டுச்சு. எப்படி ஆரம்பிக்கறதுன்னு வழி முழுக்க யோசிச்சுட்டு வந்ததெல்லாம் மறந்துபோச்சு.

"மாமா, அன்னைக்கு எனக்கு விரல்ல தெரிஞ்சுது. பதினொண்ணும் தெரிஞ்சுது. வேணும்னேதான் கண்ணை மூடல."

பாத்திரச் சத்தம் நின்னுபோச்சு. மாமா என்னைப் பார்த்தார். கோபம் வரும், எழுந்து அறைவார்னு கன்னத்தைக் கொடுக்கத் தயாராத்தான் இருந்தேன். அடி விழுந்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

"தெரியும்டா," அப்படின்னார்.

அவர் வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். இறுக்கமான ரிவிட் சுத்தியலைத் திருப்பி எறியுமாம், செத்தது எறியாதாம், சுத்தியல் அங்கேயே உக்கார்ந்துடுமாம். மூணு வருஷமா ஒவ்வொரு தடவையும் கையில தெரிஞ்சதை என் கண்ணோட ஒத்துப் பார்த்து ஒத்துப் பார்த்து, கையே பழகிப்போச்சாம். ஒரு நாளும் ரெண்டும் வேற வேறயா இருந்ததில்லையாம். அந்த அம்மா தட்டினப்போ எல்லார் முகத்தையும் பார்த்ததும்தான், கை சொன்னது சரின்னு புரிஞ்சுதாம்.

"அன்னைக்கு, ரிவிட் போச்சுன்னு கை சொல்லுச்சு. உன் கண்ணு திறந்திருந்துச்சு. திரும்பத் தட்டிப் பார்த்தேன். கை அதையேதான் சொல்லுச்சு. எனக்குத்தான் கையும் கெட்டுப்போச்சு போல, மாப்ள சரியாத்தான் சொல்லுவான்னு வெள்ளையைப் போட்டேன்."

எனக்கு அழுகை வந்துச்சு. ஸ்டூல்ல உக்கார்ந்து நாற்பத்தெட்டு வயசு ஆம்பளை மூக்கை உறிஞ்சிக்கிட்டு அழுதேன். அவர் என்னைத் தேத்தவும் இல்ல, திட்டவும் இல்ல. ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம், அந்த அம்மாகிட்ட சொல்றதுன்னா காதையும் சேர்த்தே சொல்லிடு, பாதியைச் சொன்னா எவனும் நம்பமாட்டான்னார். எழுந்து திரும்பினா, அக்கா ஈரக் கையோட கதவுகிட்ட நிக்கறா. எத்தனையோ தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கேன். சாப்பிட்டுட்டுப் போடான்னு அவ சொல்லாம நான் வெளியே வந்தது அன்னைக்கு ஒரு நாள்தான்.

மறுநாள் காலையில இன்ஜினியர் அம்மா வர்றதுக்கு முன்னாடியே அவங்க அறை வாசல்ல நின்னேன். எல்லாத்தையும் சொன்னேன். பேப்பர், வயித்தெரிச்சல், கயித்துல இல்லாத சிக்கல், அக்காகிட்ட சொன்ன பொய் வரைக்கும். கேட்டுட்டு, அப்போ இந்த ரெண்டாயிரமும் உங்க விரலான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அந்த நேரத்துலயும், அந்த அசிங்கத்துலயும், ஆமான்னு சொன்னப்போ எனக்குள்ள ஒரு பெருமை எட்டிப் பார்த்துச்சு. இதையும் எழுதித்தான் ஆகணும். அவங்க அது என் மூஞ்சியில தெரிஞ்ச மாதிரி ஒரு பார்வை பார்த்துட்டு, கடிதத்தை எடுத்து நாலா கிழிச்சுக் குப்பையில போட்டாங்க. அப்புறம், உங்களை என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல, அதை அவர்கிட்டயே கேட்கறேன்னாங்க.

மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. எல்லார் முன்னாடியும், காது கேட்காதுன்னு அவரே வாயால சொல்ல வேண்டியதாப் போச்சு. சொன்னார். யாரும் சிரிக்கல. கையுறையைக் கழட்டிட்டு, எட்டாவது பாகத்துல இன்னும் யாரும் தொடாத இடத்துல அறுபது ரிவிட் தட்டி, மணிக்கட்டை வச்சே குறி போட்டார். அம்மா கூடவே தட்டிக் காதால பார்த்தாங்க. ஒண்ணுகூடத் தப்பல. நீங்களே தொடர்ந்து பாருங்க டாக்டர், மச்சானும் பழையபடி அந்தப் பக்கம் நிக்கட்டும், கையும் விரலும் சேர்ந்தா இன்னும் நல்லதுன்னு சொன்னாங்க. எனக்கு உயிர் வந்துச்சு. பலகையில இறங்க ஒரு காலை கர்டர் மேல தூக்கிப் போட்டேன்.

மாமா சுத்தியலைக் கீழே வச்சுட்டார். என் தோள்ல கையை வச்சு, வேற யாருக்கும் கேட்காத மாதிரி, மெதுவாத்தான் சொன்னார்.

"வீட்டுக்கு எப்பவும் போல வா மாப்ள. அக்காவும் ரெண்டு நாள்ல சரியாயிடுவா. இந்தப் பக்கம் மட்டும் நீ நிக்க வேணாம்."

காலை இறக்கிட்டேன். பெயிண்டர் பலகையில இறங்கினான். அவனோட சுரண்டியை நான் எடுத்துக்கிட்டு, பாலத்தோட அந்தக் கோடிக்குப் போய்ப் பழைய பெயிண்ட்டைச் சுரண்ட ஆரம்பிச்சேன். ரெண்டு மாசம் ஆச்சு, இப்போ அதுதான் என் வேலை. மாமா இங்கேயிருந்து ரொம்ப தூரத்துல இருக்கார், ஆனா அவர் ஒவ்வொரு ரிவிட்டையும் தட்டறது எனக்குத் தெளிவாக் கேட்குது. என் காதுக்கு ஒரு குறையும் இல்ல.